தாவூத் அண்ணனின் அத்தா இருக்கும் படம்

பிரிக்பீல்ட்சில் தாவூத் அண்ணனின் சாப்பாட்டுக் கடைக்கு நான் போவது தே தாரேக் தேநீருக்காக மட்டும் இல்லை, அவர் வாய்க்காகவும்தான். கல்லாவுக்கு மேலே மக்கா படம். அதற்குப் பக்கத்தில் பூமியின் படம். நிலவுக்குக் கடைசியாகப் போன விண்வெளி வீரர்கள் வழியில் திரும்பிப் பார்த்து எடுத்தது. பழைய அச்சு, ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும்.

"இதுல எங்க அத்தா இருக்காங்க லா," என்பார், புதிதாக யார் வந்தாலும்.

அவர் அப்பா ஹாசிம் கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர். படம் பிடித்துக்கொள்ளவே மாட்டார். உருவம் எடுத்தால் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்வார்கள் என்று பயம். ஹஜ்ஜுக்குப் போக வேண்டி ஒரே ஒரு படம் எடுத்தார். அதுவும் பயணப் பாஸோடு போய்விட்டது. கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர் அரபிக்கடலில் ஏடனை நெருங்கும்போது காய்ச்சலில் இறந்துபோனார். கஃபன் துணி சுற்றி, தொழுகை வைத்து, விடிந்ததும் கடலில் இறக்கிவிட்டார்கள். தாவூத் அண்ணன் அப்போது சின்னப் பையன். "மூஞ்சிய நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

படத்தைக் கொண்டு வந்தது செந்தூல் வாசு. காலி செய்யும் வீடுகளில் பழைய சாமான் எடுப்பவர். சாப்பிட வந்தவர் மேசையில் ஒரு கட்டுப் படங்களைப் பரப்பினார். விண்கலத்துக்கு வெளியே மிதக்கும் ஆள், நிலவு மண்ணில் பூட்ஸ் தடம், கடைசியில் இந்த உருண்டை. தாவூத் அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் 1972 டிசம்பர் ஏழு என்று அடித்திருந்தது. அத்தா கப்பலில் போன சமயம். விடுவாரா? மனைவி சௌதா அக்காவும் தடை சொல்லவில்லை. "ஆள் உருவம் ஒண்ணும் தெரியல, மாட்டிக்குங்க," என்றார்.

பல்கலைக்கழகத்திலிருந்து லீவுக்கு வந்த மகள் நிலோபர்தான் கிளறிவிட்டாள். தாத்தா இறந்தது எந்தத் தேதி என்று கேட்டாள். அந்த வீட்டில் இங்கிலீஷ் தேதி யாருக்கும் தெரியாது. துல்கஅதா மாதத்து முதல் பிறை இரவு, அவ்வளவுதான். வருஷா வருஷம் அந்த இரவில்தான் ஃபாத்திஹா ஓதுவார்கள். நிலோபர் போனில் தட்டிப் பார்த்தாள். அந்த வருஷம் துல்கஅதா முதல் நாள், டிசம்பர் ஏழு.

தாவூத் அண்ணன் குதித்தே விட்டார். "படம் பகல்ல எடுத்தது. அத்தா மௌத்தானது ராத்திரி. அப்போ இந்தப் படத்துல அத்தா உசுரோட இருக்காங்க!" அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தேநீர் இலவசம். நான் இரண்டு குடித்தேன்.

சௌதா அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "ஏங்க, நமக்குப் பிறை ராத்திரி மொதல்ல வருமா, பகல் மொதல்ல வருமா?"

அவர்கள் கணக்கில் சூரியன் மறைந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடும். ரமலானிலும் முதல் நாள் இரவு தராவீஹ் தொழுத பிறகுதான் முதல் நோன்பு. அப்படியென்றால் முதல் பிறை இரவு என்பது ஆறாம் தேதி இரவு. ஏழாம் தேதி பகலில் படம் எடுத்தபோது ஹாசிம் கடலுக்குள் போய்விட்டார். நோன்பு எப்போது தொடங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் மனுஷர், வருஷம் பூராவும் கடையை இங்கிலீஷ் காலண்டரில் ஓட்டி இதில் கோட்டை விட்டார். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. சொல்லிச் சிரிக்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அன்றே படத்தைக் கழற்றிவிட்டார். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. "நான் தேதி பாத்திருக்கவே கூடாது, அங்கிள்," என்று நிலோபர் என்னிடம் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்ததும் எல்லாரும் அடக்கம் செய்தவர்களைப் பார்க்க கபுருஸ்தானுக்குப் போவார்கள். தாவூத் அண்ணன் மட்டும் நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். "எனக்கு அங்க யாரு இருக்கா?" என்பார். இந்த வருஷம் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்று கொஞ்சம் சீக்கிரமாகவே போனேன். கூடத்தில் அந்தப் படம் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது. எதிரே தரையில் சொங்கோக் தொப்பியும் புதுச் சட்டையுமாக அவர், கையில் யாசீன் புத்தகம்.

சௌதா அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "என்னங்க இது? படத்துக்கு முன்னால உக்காந்து ஓதுறீங்க?"

அவர் விரலைப் படத்தில் அரபிக்கடல் மேல் வைத்தார். "படம் இல்ல சௌதா. அத்தா கபுரு."

அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பிறகு கையைத் துடைத்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றார்.