முகம்மது யூசுப்பின் ஜூனிப்பர்

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மேல்மாடியில் ரவிக்கை தைக்கிற சாயிரா பானுவிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. வீட்டில் மட்டும் அவள் பேச்சு எடுபடாது. கணவர் முகம்மது யூசுப் கப்பலில் இயந்திர அறை ஆள். போனால் ஒன்பது மாதம். வந்து இருக்கிற சில வாரத்தில் சண்டை எதற்கு என்று விட்டுக்கொடுத்தே இருபத்தாறு வருஷம் ஓடிப்போனது.

அந்த இருபத்தாறு வருஷமும் மார்சிலிங் வீட்டு வாசலில் நின்ற ஜூனிப்பருக்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். கல்யாணமான புதிதில் யூசுப் வாங்கி வந்த, தொட்டியிலேயே குட்டையாக வளர்கிற போன்சாய் மரம் அது. அப்போதே அதற்கு நாற்பது வயது என்றார் விற்ற சீனர். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை, மண்ணில் விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவாள். மலாக்காவில் தங்கை கல்யாணத்துக்குப் போனவள் அன்றைக்கே பஸ் ஏறித் திரும்பினாள். கப்பலிலிருந்து இறங்குகிற மனிதரோ மரத்தோடு நின்று படம் எடுத்து, "ஒத்த ஆளா வளர்த்தேன்" என்று போன்சாய் சங்கத்துக்கு அனுப்புவார். நோகாமல் நுங்கு தின்கிற மனிதர்.

போன வருஷம் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தார். இரண்டு மாதம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். சமூக மன்றத்தில் நடக்கிற போன்சாய் கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மரத்தின் உருவத்தை அடியோடு மாற்றப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு உட்கார்ந்தார்.

"கிளைய மட்டும் கொஞ்சம் எடுங்க. வேரை இன்னிக்குத் தொடாதீங்க," என்றாள் பானு. "ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சா தாங்காது."

"தண்ணி ஊத்துறவளுக்கு என்ன தெரியும்? நீ போய் ரவிக்கைய தை லா."

குரங்கு கையில் பூமாலைதான். ஏழு பெரிய கிளைகளில் ஐந்து போயின. தண்டில் பாதிக்குப் பட்டையை உரித்தார். வெள்ளைக் கட்டையாகத் தெரிந்தால்தான் அழகாம். மிச்சக் கிளைகளில் கம்பி சுற்றி முறுக்கினார். அதோடு விட்டாரா? வேரில் பாதியை அறுத்து, தட்டு மாதிரி ஒரு தொட்டியில் வைத்து அமுக்கினார். வெட்டிப் போட்ட பச்சையை மூன்று பையில் அள்ளியவள் பானு.

நாலாம் நாளே அவளுக்குச் சந்தேகம். காலையில் ஊற்றிய ஈரம் மாலையிலும் அப்படியே இருந்தது. மரம் குடிக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு குச்சியை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பழுப்பு. ஜூனிப்பர் செத்தாலும் இலை பல வாரம் பச்சையாகத்தான் நிற்கும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யூசுப் தினம் யாரையாவது கூட்டி வந்து காட்டினார். மவுத்து விழுந்து பிணம் கிடக்கிற வீட்டில் பிரியாணி போடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. நாலு பேர் முன்னால் அவர் தலைகுனிந்து நிற்கட்டும் என்று வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள்.

கண்காட்சிக்கு முதல் தடவையாக அவளும் போனாள். நடுவர் குவெக் மரத்தைச் சுற்றி வந்தார், இலையைத் தடவினார், ஒரு குச்சியைச் சுரண்டினார்.

"இது செத்து மூணு வாரமாவது இருக்கும். யார் பாத்துக்கிறது?" என்று மலாயில் கேட்டார்.

யூசுப்பின் கை பானுவின் பக்கம் நீண்டது.

"இவதான் டெய்லி தண்ணி ஊத்துறா. இவளக் கேளுங்க."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வேலை அவளுடையது என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டார், மரம் பிணமான பிறகு.

"ஆமா, நான்தான்," என்றாள் பானு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "இருபத்தாறு வருஷம் ஊத்தினேன், உயிரோட இருந்துச்சு. இவரு ஒரு நாள் தொட்டாரு."

குவெக் பெயர் அட்டையை எடுத்து, மரத்தை மேசையிலிருந்து இறக்கச் சொன்னார். யூசுப் பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடி."

"உங்க மரம், நீங்களே தூக்குங்க," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவள் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.