மின்னல் ரமேஷின் அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்

மாரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தலவாக்கலை பஜாரில் சலூன் நாற்காலியில் இருந்தேன். வலது கன்னம் வழித்தாகிவிட்டது. இடது கன்னத்தில் நுரை. போனில் அவருடைய மருமகன். "சவுண்டு மாமா, டீ குடிச்சுட்டு நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னு உக்காந்தாருங்க. எந்திரிக்கவே இல்ல." நான் அப்படியே எழுந்து ஓடினேன். கழுத்தில் கட்டியிருந்த துண்டைப் பிடித்து இழுத்த சலூன்காரரும் என்னோடு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துவிட்டார். பஸ் கிடைக்கவில்லை. ஏற்றத்தில் நான் ஓடிய வேகத்தில், பின்னால் வந்த பஸ் தோட்டத்து வளைவு வரைக்கும் என்னைப் பிடிக்க முடியவில்லை. அதில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கருமாதிக்கு வருகிறவர்கள் வாசிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அவர் வீட்டார் கேட்டார்கள். நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் மற்றவர்கள் பத்து வகுப்பில் படிப்பதை அந்த ஆறிலேயே முடித்துவிட்டேன். இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். நாலு வரி எழுதினால் கால் வாசலுக்குப் போகிறது, பிறகு திரும்பி வருகிறது. எங்கேயாவது எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காலைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

உங்களில் பாதிப் பேருடைய கூரையில் டிஷ் அன்டெனா பூட்டியவர் அவர். பூட்டிய கூலியைவிடக் குடித்த தேத்தண்ணி அதிகம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நல்ல டீவி அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் சிங்களச் சேனலில் ஒரு கார்ட்டூன் தொடர் போடுவார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதுப் பையன் ஒருவன், யாருக்கும் தெரியாமல் உளவாளியாகவும் வேலை பார்க்கிறான். கையை நீட்டினால் மின்னல் அடிக்கும். சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வருவான். சிங்களத்தில் அவனுக்கு என்னவோ ஒரு பெயர். எங்களுக்கு அவன் மின்னல் ரமேஷ். அந்தப் பெயரை வைத்தவர் அண்ணன்தான்.

பஸ்ஸில் டிக்கட் எடுக்கிற சிங்களம் அண்ணனுக்குத் தெரியும். உளவாளிகள் பேசுகிற சிங்களம் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. அதனால் டீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரே கதை சொல்வார். சவுண்டு என் பொறுப்பு. ஒரு பிஸ்கட் டின், ஒரு பலகை, என் நாக்கு, இவ்வளவுதான் சாமான். நான் ஹெலிகொப்டர் ஓட்டினால் பக்கத்து ஊரான பூண்டுலோயாவில் கோழிகள் கூட்டுக்குள் ஓடும். கதை என்றால் ஏனோதானோ கதையில்லை. ரமேஷ் பிறந்த ஊரே பூண்டுலோயாதான். "அப்ப ஏன் மாமா முடி மஞ்சளா இருக்கு?" என்று ஒரு வாண்டு கேட்டது. "தேயிலைக்கு மருந்தடிக்கையில தலையில பட்டுருச்சு. அதுலதான்டா அவனுக்குப் பவரே வந்துச்சு" என்றார் அண்ணன். மறுநாள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் மருந்து டாங்கிக்குப் பின்னாலேயே திரிந்தார்கள். விரட்டிப் பிடித்து வீட்டுக்கு அனுப்பியது நான்.

மிஸ்டு, அதுதான் மலைப் பனிமூட்டம், இறங்கினால் படம் போய்விடும். டீவியில் வெறும் நீலம்தான் நிற்கும். அண்ணன் நிறுத்த மாட்டார். அந்த நீலத்துக்குள்ளேயே ரமேஷைக் கடலுக்கடியில் இறக்கி, கப்பலை உடைத்து, கரையேற்றிவிடுவார். "படம் போனா போவட்டும்டா. புள்ளைங்க எந்திரிச்சுப் போவக் கூடாது." இதை அவர் சொல்லாத சனிக்கிழமை கிடையாது.

இனிச் சொல்லப்போவது தர்ஷினியைப் பற்றி. எங்கள் லயத்துச் சிவலிங்கத்தின் மகள். அப்போது இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. அவளுடைய அம்மா புவனா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். முதலில் வெள்ளிக்கிழமை தோறும் போனில் முகம் காட்டினாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. போன் அடித்தால் அந்தப் பக்கம் மூச்சே இல்லை. பிள்ளை வாய் திறந்து எதுவும் கேட்காது. ஆனால் எந்த வீட்டில் போன் அடித்தாலும் ஓடிப்போய் வாசலில் நிற்கும்.

அந்தத் தொடரில் ரமேஷுக்கு ஒரு மேலதிகாரி உண்டு. கறுப்புக் கோட்டுப் போட்ட பொம்பளை. நேரில் வரவே மாட்டாள். அவன் கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டில் அவள் முகம் தெரியும், அங்கிருந்தபடியே கட்டளை போடுவாள். ஒரு சனிக்கிழமை தர்ஷினி கேட்டாள்: "மாமா, அவங்க யாரு? எப்பயும் போனுக்குள்ளயே இருக்காங்க?"

"அதுவா? அது ரமேஷோட அம்மா" என்றார் அண்ணன். "வெளிநாட்டுல டூட்டி. ரகசிய டூட்டிங்கிறதால அம்மான்னு சொல்லிக்கக் கூடாது. சில நேரம் போன்கூட எடுக்க முடியாது."

"கோவமா இருக்காங்களா?"

"டூட்டிம்மா. டூட்டியில எல்லாரும் அப்பிடித்தான் மூஞ்சிய வச்சுக்குவாங்க. கோவமில்ல."

அதற்குப் பிறகு கறுப்புக் கோட்டு வந்தால் மற்றப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா அரபு நாட்டில் இருக்கிற பிள்ளை தர்ஷினி மட்டுமில்லையே.

ஆனால் கார்ட்டூன் எழுதிய புண்ணியவானுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தொடரின் கடைசி நாள். அந்தப் பொம்பளைதான் துரோகி என்று கண்டுபிடித்து, கைவிலங்கு மாட்டி, இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ரமேஷ் அழுகிறான். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பாருங்க புள்ளைங்களா, அம்மாவுக்கு டிக்கட் வந்துருச்சு! ஆபீஸ்காரங்க ரெண்டு பக்கமும் புடிச்சு ஏர்போட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

"கையில என்ன மாமா?"

"வளையல். தங்கம். அங்கெல்லாம் அனுப்பையில இப்பிடித்தான் ஜோடியா மாட்டி அனுப்புவாங்க."

"ரமேஷ் அழுவுறானே?"

"சந்தோசத்துலடி!"

நான் பிளேன் விட்டேன். கட்டுநாயக்காவில் இறங்குகிற எந்தப் பிளேனுக்கும் அப்படி ஒரு சத்தம் கிடையாது.

மறுநாள் காலையில் சிவலிங்கம் வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான். "அண்ணே, டீவியில நீங்க என்னமும் சொல்லிக்குங்க. என் புள்ள விடிஞ்சதுலருந்து எண்ண வச்சுத் தல சீவி, நல்ல கவுனப் போட்டுக்கிட்டு ரோட்டுல போய் நிக்குது. அம்மாவுக்கு டிக்கட் வந்துருச்சாம். அவ உசுரோட இருக்காளான்னே எனக்குத் தெரியலண்ணே."

அண்ணன் உள்ளே போனார். சட்டையை மாட்டினார். "தம்பி, வாடா" என்றார் என்னிடம். அன்றைக்கு ஆரம்பித்த அலைச்சல். ஹட்டனுக்குப் போனோம், நுவரெலியாவுக்குப் போனோம், புவனாவை அனுப்பிவைத்த ஏஜென்சிக்குப் போனோம். அங்கே நான் பேசிய சிங்களத்தைக் கேட்டு அந்த ஐயா எழுந்து நின்றுவிட்டார். ஆனாலும் நாளைக்கு வாங்க என்றுதான் சொன்னார். அண்ணனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கூரையில் ஏறினால் பாதி வேலையில் இறங்கி வந்து, "வேற எங்கடா கேக்கலாம்?" என்பார். கடைசியில் உடப்புசல்லாவையில், குவைத்திலிருந்து திரும்பிய ஓர் அக்காவைப் பிடித்தோம். அங்கே வேலை செய்கிற பெண்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருந்தது. அதில் புவனாவின் படத்தைப் போட்டார்.

இதற்கிடையே தொடரின் அடுத்த பாகம் தொடங்கிவிட்டது. அதில் கறுப்புக் கோட்டு இல்லவே இல்லை. மேலதிகாரியாக ஒரு வழுக்கைத் தலையன் வந்திருந்தான். சனிக்கிழமை தவறாமல் தர்ஷினி கேட்பாள்: "மாமா, ரமேஷ் அம்மா இன்னைக்கு எங்க வந்துக்கிட்டிருக்காங்க?" அண்ணன் தேடிக் கண்டுபிடிப்பார். ரமேஷ் மலையுச்சியில் யாரையோ அடித்துக்கொண்டிருப்பான். அவன் முதுகுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். "அந்தா, அந்தக் கப்பல்ல." இன்னொரு நாள் கூட்டத்துக்குள் ஒரு குடை. "குடைக்குக் கீழ யாருன்னு நெனைக்கிற?" நான் பலகையில் செருப்பைத் தட்டி அந்த அம்மாவை நடக்க வைப்பேன். படத்தில் இல்லாத ஒருத்தியை ஒரு பாகம் முழுக்க நடக்க வைத்திருக்கிறோம். கொழும்பில்கூட யாராலும் முடியாது.

உடப்புசல்லாவை அக்கா ஒருநாள் போன் செய்தார். புவனா இருக்கிறாள். வேலை செய்த வீட்டில் போனைப் பறித்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து தப்பித்து நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போய்விட்டாள், அனுப்பிவைப்பார்கள். அண்ணன் நடுரோட்டில் குந்திவிட்டார். பின்னால் வந்த லொறிக்காரன் இறங்கி வந்து திட்டத் தொடங்கினான். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டான். "ஒருத்தரும் தவறலைங்க" என்றார் அண்ணன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

புவனா வந்தாள். பாதியாக மெலிந்திருந்தாள். கையில் ஒரே ஒரு பை. தர்ஷினி முதல் நாள் முழுக்க அப்பனுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள், கிட்டே போகவில்லை. இரண்டாம் நாள்தான் போய்க் கையைத் தொட்டாள். பிறகு அந்தக் கையை விடவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. அம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன் என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "இன்னைக்கு ரமேஷ் அம்மா பரசூட்டுல எறங்குறாங்க. டின்ன ரெடியா வச்சிரு." படம் ஓடியது. ரமேஷ் சுவருக்குள் புகுந்தான், வெளியே வந்தான். அவள் கேட்பாள் என்று அண்ணன் காத்திருந்தார். நானும் டின்னைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. டீவியைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். என் கையிலிருந்த டின்னை வாங்கிக் கீழே வைத்தார். எட்டி டீவியின் சத்தத்தைக் கூட்டினார். அந்தக் காம்பரா முழுக்க முதல் தடவையாகச் சிங்களம் பேசியது. முடிகிற வரைக்கும் நாங்கள் இருவரும் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாரிமுத்து அண்ணனிடமிருந்து அவரவர் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நான் எடுத்து வைத்திருப்பது அன்றைக்கு அவர் பேசாமல் இருந்தாரே, அதுதான். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். அடக்கத்தன்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் பேசினேன். அவருடைய அந்தப் பேசாமையை எடுத்துப் பயன்படுத்த எனக்கு இன்னும் சந்தர்ப்பம் வரவில்லை.