கால் சுற்று

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கும் அந்த மனிதருக்கு வாரம் முழுக்கத் தேவைப்படுவது இரண்டே வாக்கியங்கள். “மூக்குல அழுத்துதா?” “காது பக்கம் உறுத்துதா?” பதிலும் பாதி நேரம் வெறும் தலையாட்டல்தான். வீட்டிலோ அந்த இரண்டுக்கும்கூட வேலையில்லை. தனிக்கட்டை. பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதுவாவது கொஞ்சம் நகர்ந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சல் வரும்.

அவரிடம் ஒரு பழைய பைக் இருந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர். சனிக்கிழமை சாயங்காலமானால், கடைத் திருப்புளிகளில் பெரியதாக ஒன்றை எடுத்து, இடது கார்பரேட்டரின் திருகாணியைக் கால் சுற்று திருப்பிவிடுவார். மறுநாள் வண்டி நொண்டியடித்துக்கொண்டு மெக்கானிக் வாசலில் போய் நிற்கும்.

மெக்கானிக்குக் காதுதான் மீட்டர். வாயும் சும்மா இருக்காது.

“டுப்-டுப்-டுபுக்! கேட்டீங்களா மச்சான்? இடது பக்கத்தான் ‘எனக்கென்ன’ன்னு படுத்துட்டான். வலது பக்கத்தான் ஒத்தையாச் சுமக்கிறான்.” இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் உள்ளங்கையைக் காட்டி, மூச்சு சமமாக வருகிறதா என்று பார்ப்பார். “இது ரெண்டு சம்பந்தியையும் ஒரே பாயில உக்கார வைக்கிற வேலை. ஒருத்தர் லேசா நகர்ந்தாலும் இன்னொருத்தர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார்.”

மெக்கானிக்கின் மனைவி டீ கொண்டுவருவாள். என்றோ ஒருநாள் கண்ணாடிக்காரர் அவளைத் “தங்கச்சி” என்று கூப்பிட்டுவைத்ததில், இந்த மச்சான் உறவும் இலவசமாக வந்து ஒட்டிக்கொண்டது.

“உங்க வண்டிக்கு ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் கரெக்டா காய்ச்சல் வந்துடுது, இல்லண்ணே?” என்பாள்.

கண்ணாடிக்காரர் டீயை ஊதுவார். ஆறிப்போன பிறகும் ஊதிக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிறு, மெக்கானிக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார். “மச்சான், இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டுறேன். தேஞ்ச திருகாணிதான் நம்மகிட்ட ஆட்டம் காட்டுது.”

புதுத் திருகாணி, புது ஸ்பிரிங். இரண்டு பக்கத்தையும் சமன் செய்துவிட்டு, திருகாணித் தலையும் கார்பரேட்டரும் சேரும் இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தார். “இனிமே இது மயிரிழை நகர்ந்தாலும் பெயிண்ட் விரிசல் விட்டுடும். எவன் கை வச்சாலும் காட்டிக் குடுத்துடும். நீங்க நிம்மதியா இருங்க. இந்தப் பக்கமே வர வேணாம்!”

சீதனம் கொடுத்த முகத்தோடு சிரித்தார்.

“ரொம்ப... சந்தோசம்,” என்றார் கண்ணாடிக்காரர். அந்தக் குரலில் இடது கார்பரேட்டர் படுத்திருந்தது.

வண்டி வெண்ணெயாக ஓடியது. அந்த வாரம் தம்ளர் இன்னும் அழுத்தமாக அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை திருப்புளியோடு வண்டியருகே குந்தினார். சிவப்புப் பொட்டு முறைத்தது. தொட்டால் குட்டு உடையும். மச்சானும் தங்கச்சியும் போவார்கள். தொடாவிட்டால் போவதற்கு ஒரு காரணமும் இல்லை.

அன்று ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன் நின்று பொய் பழகினார். “இந்தப் பக்கமா வந்தேன்...” மெக்கானிக் கடை இருப்பது முட்டுச்சந்தில். “செயின்ல ஏதோ சத்தம்...” அந்தக் காதை ஏமாற்ற முடியுமா?

ஞாயிறு காலை வேறொரு வண்டிக்கடியில் கிடந்த மெக்கானிக் தலையை மட்டும் நீட்டினார். ஒரு நிமிடம் உற்றுக் கேட்டார். “டுபுடுபுடுபுன்னு தேனாட்டம் இருக்கே மச்சான். என்ன கோளாறு?”

கண்ணாடிக்காரர் எஞ்சினை அணைக்காமலே இறங்கி நின்றார்.

“கோளாறு இல்ல... சும்மாதான் வந்தேன்.”

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்தார். அப்படியொரு புகார் அந்தக் கடைக்கு வந்ததே இல்லை என்பது போலப் பார்த்தார். உள்ளே டீ தம்ளர்கள் இடிபடும் சத்தம் கேட்டது.

“சும்மாவா வந்தீங்க?” என்றார். “அப்புறம் எதுக்கு எஞ்சின் ஓடுது? ஆஃப் பண்ணுங்க மச்சான். பேசுறது கேக்க வேணாமா?”