மூன்று வேளை மருந்து ஒரே மடக்கில்

பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். போன ரம்ஜானில் மூட்டுவலி தாங்காமல் டாக்டரிடம் போனேன். மருந்து கலந்த சீசாவில் அளவுக் கோடாகக் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுத்து, "வேளைக்கு ஒரு கோடு, மூணு வேளை" என்றார். பகலெல்லாம் நோன்பாயிற்றே! கணக்கில் புலியான நான், நோன்பு திறந்ததும் மூன்று கோட்டையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

இரவுத் தொழுகைக்குக் கிளம்பும்போது காதுக்குள் வண்டு இரைந்தது. தலை சுற்றியது. மௌத்துதான், உயிர் போகப்போகிறது என்று முடிவு கட்டி, "கடைச் சாவி..." என்று மனைவியிடம் உருக்கமாக ஆரம்பித்தேன்.

"சாவி உங்க இடுப்புலதான் கீது. சீசாவ எடுத்துக்கினு டாக்டரு ஊட்டுக்கு நடங்க!" என்றாள்.

சீசாவைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. காது தெளியும்வரை என்னைப் பக்கத்திலேயே வைத்துக் கவனித்தார். பிறகுதான் திட்டினார்.

"நோன்புன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா பாய்? வேற மாதிரி குடுத்திருப்பேனே. இன்னும் கொஞ்சம் குடிச்சிருந்தா, உன் கடைத் துணியவே உனக்குக் கிழிச்சிருப்பாங்க."

இப்போதெல்லாம் டாக்டர் வாய் திறப்பதற்குள் நோன்பைச் சொல்லிவிடுகிறேன். நோன்பில்லாத மாதத்தில், "இன்னிக்கு நோன்பு இல்லீங்க" என்றும் சொல்கிறேன். அவர் சிரிக்கிறார். ஆனால் தவறிய வேளையை அடுத்த வேளையோடு சேர்த்துக் குடிப்பதில்லை. வலி கொஞ்சம் காத்திருக்கட்டும், நானும் காத்திருக்கிறேன்.