எங்க பட்டறைல கடல் வத்தாது

மொதல்லயே சொல்லிடுறேன், தப்பு என்னோடது. எங்க பெயிண்டர் அண்ணன் மேல பழியப் போட்டு இப்பவும் ஆபீஸ்ல ஒரு கத ஓடுது. அது சுத்தப் பொய்.

ஷார்ஜா தொழில்பேட்டைல ஒரு மாடல் கம்பெனி, அதுல நான் டிசைனர். ஃபிளாட் விக்கிற ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள லைட்டெல்லாம் போட்டு குட்டியா ஒரு டவர் வச்சிருப்பாங்கல்ல, அத செய்யிறது நாங்கதான். மெக்கானிக்கல் முடிச்சிட்டு பொம்ம செய்யிறியாடான்னு முவைலா ஏரியால என் ரூம்மேட் டெய்லி ஓட்டுவான். அண்ணன் தூரிக புடிக்கிறவரு. தூத்துக்குடி பக்கம், ஊர்ல கடைக்கு போர்டு எழுதிட்டு இருந்தவரு. முப்பத்திரெண்டு வயசுதான், ஆனா கை இருக்கே, பல் குத்துற குச்சி நுனில கண்ணு புருவம் வரைவாரு.

ஒரு நாள் வித்தியாசமா ஒரு ஆர்டர். ஒரு பெரிய மனுஷன் சொந்தமா போர் மியூசியம் வைக்கிறாரு, அதுக்கு தராவா தீவு வேணும். ரெண்டாம் உலகப் போர் மேட்டர். பசிபிக் நடுவுல துக்குணூண்டு பவளத் தீவு, உள்ள ஜப்பான்காரன் பங்கர் கட்டி உக்காந்திருக்கான், அமெரிக்காக்காரன் கப்பல்ல வந்து போட்ல எறங்கி கரையேறிப் புடிக்கணும். எறங்குன மொத நாள் காலைல எப்படி இருந்துச்சோ அத அப்படியே மேஜ மேல காட்டணும்.

செம ஆர்டர்டானு குதிச்சேன். டவர் டவரா வரைஞ்சு செத்துட்டு இருந்தேன் நானு.

கிளையன்ட் பத்துப் பக்கம் குறிப்பு அனுப்பிருந்தான். படிச்சேன். சரி, மொத ரெண்டு பக்கம் படிச்சேன். மிச்சத்த ஓட்டிப் பாத்தேன். அப்புறம் எப்பவும் போல பழைய ஃபைல ஓப்பன் பண்ணி, ஒரு மெரினா ஃபிளாட் ப்ராஜெக்ட்ல இருந்த கடல தூக்கி இதுல போட்டேன். எங்க பட்டறைல கடல்னா ஒரே கடல்தான். நீலக்கலர் அக்ரிலிக் ஷீட், கரைய ஒட்டி கரெக்டா ரொம்பி நிக்கும். வத்துன கடல நாங்க செஞ்சதே இல்ல. சேறு தெரியிற எடத்துல எவன் ஃபிளாட் வாங்குவான்?

எரநூறு சொச்சம் சிப்பாய் பொம்ம பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். ஒவ்வொண்ணும் சுண்டுவிரல் நகத்தவிட கொஞ்சம் ஒசரம். அண்ணன் பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டு ஹெல்மெட், மூஞ்சி, பூட்ஸ்னு மூணு வாரம் பெயிண்ட் அடிச்சாரு. பூட்ஸ் கயிறு கூட விடல.

"யாருண்ணே இத பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்லா."

ஒரு நாள் கிளையன்ட் அனுப்புன பழைய போட்டோவ பாத்துட்டு கேட்டாரு. "தம்பி, இதுல பூராப் பயலும் இடுப்புத் தண்ணில நடந்து வாரான். நம்ம போட்டு கரையிலயே போய் நிக்கி. கடல் வத்திருக்குமோ? இங்கன பார் எதுவும் கெடக்கா?" கடலுக்கடில கெடக்குற பவளப் பாறைக்கு அவங்க ஊர்ல பேரு பார்.

காதுல இயர்போன். "ட்ராயிங்ல அப்படித்தாண்ணே இருக்கு"ன்னேன். ட்ராயிங் போட்டதே நான்தான்!

அவருக்கு அந்த மாசம் மனசு இங்க இல்ல. தங்கச்சிக்கு கல்யாணம். வெள்ளிக்கெழம காலைல முகூர்த்தம், புதன்கெழம டிக்கெட். அப்பா இல்ல, இவரு ஒரே அண்ணன். மணமேடைல தங்கச்சி கைல பொரி அள்ளிப் போடுறது கூடப்பொறந்தவன் வேல. அந்தப் பொண்ணு ஸ்பீக்கர்ல பேசுறத பட்டறையே கேட்டுச்சு.

"அண்ணே, நீ வரலன்னு வச்சுக்க, பெரியப்பா மவன் கையாலதான் பொரி வாங்கணுமாம். ஏழாப்புல என் சைக்கிள கெணத்துல போட்டவன் அவன்!"

"வாரேன்டி. லீவு எழுதிக் குடுத்தாச்சு."

"சைன் ஆயிட்டா?"

"ஆயிரும்."

பர் துபாய் மீனா பஜார் போயி மாப்பிள்ளைக்கு வாட்ச் வாங்க நானும் கூடப் போனேன். பதினாலு கட ஏறி எறங்குனோம். நான் காட்டுனதெல்லாம் "மைனர் வாட்ச்சு"ன்னு தள்ளிட்டாரு. கடைசில மொத கடைக்கே வந்து மொதல்ல பாத்ததையே வாங்குனாரு. காலு ரெண்டும் கெஞ்சுது, மனுஷன் சிரிச்சிட்டே வர்றாரு.

செவ்வாக்கெழம மியூசியத்துல இருந்து ஒரு வெள்ளக்காரத் தாத்தா செக் பண்ண வந்தாரு. மேஜைய ஒரு சுத்து சுத்துனாரு. பொம்மைங்கள குனிஞ்சு பாத்து அழகுன்னாரு. அப்புறம் கேட்டாரு, பாறை எங்க?

எந்தப் பாறைன்னு கேட்டேன்.

கோவமே படாம சொன்னாரு. தீவச் சுத்தி தண்ணிக்கடில பவளப் பாறை. போட்டு அது மேல ஏறி வரணும்னா தண்ணி ஒசரணும். ஒசரும்னு நம்பி வந்தாங்க, ஒசரல. அந்தப் பக்கமே வருஷக்கணக்கா இருந்த ஒருத்தர் தண்ணி பத்தாதுன்னு முன்னாடியே சொல்லிருக்காரு, எடுபடல. பாறை மேல ஊர்ற மாதிரி செஞ்ச வண்டி கொஞ்சம் இருந்துச்சு, அதுல வந்தவன் பாறையத் தாண்டிட்டான். மத்த போட்டெல்லாம் பாறைலயே தட்டி நின்னுடுச்சு. அதுல வந்தவங்க அங்கயே எறங்கி, துப்பாக்கிய தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, கரை வரைக்கும் தண்ணிக்குள்ளயே நடந்தாங்க. எதுக்க ஜப்பான்காரன் சுட்டுட்டே இருந்தான். ஒளியவும் முடியாது, ஓடவும் முடியாது, தண்ணில எங்க ஓடுறது?

"நீங்க செஞ்ச மாதிரி கடல் இருந்திருந்தா, பாதிப் பேரு வீட்டுக்குப் போயிருப்பான்"னாரு தாத்தா.

குறிப்புல ஏழாம் பக்கத்துல அத்தனையும் இருந்துச்சு.

சனிக்கெழம டெலிவரி. திறப்பு விழாவுக்கு ஆள் கூப்ட்டாச்சு, தள்ள முடியாது. மேனேஜர் மலையாளி, அண்ணனோட லீவு பேப்பர எடுத்து மேஜ டிராயருக்குள்ள போட்டாரு. அவ்ளோதான். ஒரு வார்த்த கத்தல.

பின்னாடியே ஓடுனேன். "சார், என் மிஸ்டேக். நான் ஒக்காந்து முடிக்கிறேன், அண்ணன விடுங்க."

"நீ பெயிண்ட் அடிக்குமோ மோனே? இன்னொரு பெயிண்டர் லீவுல நாட்டுல. வேற ஆரு உண்டு?"

"நான் ரிசைன் பண்றேன் சார்."

"செய். ஞாயிறாச்ச கழிஞ்சு செய்."

லீவு சைன் ஆகாம ஏர்போர்ட் போனா ஓடிப்போயிட்டான்னு எழுதிருவாங்க, திரும்பி வர முடியாது. அண்ணன் பூதக்கண்ணாடிய மாட்டுனாரு.

"அண்ணே, சாரிண்ணே."

"அத விடு. இதுல எத்தன பேரு தண்ணிக்குள்ள வரணும்?"

"முக்காவாசிண்ணே."

அக்ரிலிக்குள்ள பொம்மைய முக்க முடியாதுல்ல. தண்ணில நிக்கிற மாதிரி காட்டணும்னா ஒரே வழி, இடுப்போட அறுத்து மேல் பாதிய ஒட்டணும். புதுசா பாதி ஆளா பிரிண்ட் எடுக்குறேன்னேன். மறுபடி பெயிண்ட் அடிக்க நாள் எங்கன இருக்குன்னாரு. பிளேட எடுத்து மொத ஆள அறுத்தாரு. பூட்ஸ் கால் ரெண்டும் மேஜைல உருண்டுச்சு. கயிறு கட்டுன பூட்ஸ். அத அவரு பாக்கல, நான் பாத்தேன்.

நானும் ஒட்டிப் பாத்தேங்க. என் கைக்கு பசை கூடிப்போயி, அக்ரிலிக் மேல வெள்ளையா பொக படிஞ்சிருச்சு. அத தேச்சு எடுக்க அவருக்கு அரை நாள். "நீ அறு, நான் ஒட்டுதேன்"னுட்டாரு. அப்புறம் அறுக்குறது மட்டும்தான் என் வேல. வாட்ச்ச புதன்கெழம ஊருக்குப் போன லேபர் கேம்ப் ஆள் ஒருத்தர் கைல குடுத்துவிட்டோம். அண்ணன் சீட்டு காலியாவே பறந்துருக்கும்.

வெள்ளிக்கெழம காலைல எட்டரைக்கு, மத்தவங்க டீ குடிக்கப் போயிருந்த நேரம், வீடியோ கால் வந்துச்சு. இங்க வாட்ஸ்அப் கால் போகாது, அதுக்குன்னு வேற ஒரு ஆப், ஆடி அசைஞ்சுதான் வரும். போன பசை டப்பால சாய்ச்சு வச்சேன். மேளச் சத்தம். பொக. யாரோ ஒருத்தர் முதுகு ரொம்ப நேரம்.

"யண்ணே, தெரியுதா?" மணமேடைல இருந்தே அந்தப் பொண்ணு கத்துச்சு. அய்யரு மொறைக்கிறாரு.

"தெரியுதுடி. கீழ பாரு, அய்யரு ஏசப்போறாரு."

"நீ போடுத மாதிரி நெனச்சுக்கிடுதேன், என்ன?"

அண்ணன் தலையாட்டுனாரு. பெரியப்பா மவன் பட்டு வேட்டில வந்து நின்னான், மொறத்துல இருந்து பொரி அள்ளுனான். அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் சேத்து நீட்டுச்சு. மாப்பிள்ள கை அடில தாங்குச்சு, புது வாட்ச் மின்னுச்சு.

அங்கயே படம் நின்னுடுச்சு.

நீட்டுன கை. உள்ள ஒண்ணுமில்ல. நடுவுல வட்டம் சுத்துது.

நான் போன தூக்கிட்டு ஜன்னலுக்கு ஓடுனேன், ஷட்டர் வெளிய ஓடுனேன், மேல தூக்கிப் புடிச்சேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். என் நெட்ட போட்டுப் பாத்தேன். வட்டம்தான் சுத்துது.

"வந்துரும்ணே, நெட்டுதான்."

"ம்."

திரும்ப வந்தப்ப இலை போட்டுட்டு இருந்தாங்க. யாரோ ஒரு மாமா பாயசம் எப்படி இருக்குன்னு போனப் பாத்து சொல்லிட்டு இருந்தாரு. தங்கச்சிய காணோம்.

அண்ணன் கட் பண்ணிட்டு போன கவுத்து வச்சாரு. மேஜைல, பாறைல தட்டி நின்ன போட்டுக்கும் கரைக்கும் நடுவுல, அத்தன பேரும் துப்பாக்கிய தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணில நின்னாங்க.

பிளேட் என் கைலயே இருந்துச்சு.

"பாக்கி எத்தனலே?"

"பதினோரு பேருண்ணே."

இடுக்கிய எடுத்துக்கிட்டு கைய நீட்டுனாரு. அடுத்தவன அறுத்துக் குடுத்தேன்.