காப்புக்கு முன்னால் எல்லையைத் தாண்டினோம்

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரின் தொடக்கப்பள்ளியில் நான் தலைமையாசிரியை. பெரிதாக நினைக்க வேண்டாம்; மணி அடிப்பதும் நான்தான், குழாயடியில் சண்டை விலக்குவதும் நான்தான். அந்த வருடம் நாலாம், ஐந்தாம் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். இரண்டு பேர் தாத்தா காரியத்துக்கு ராமேஸ்வரம் போய், போன வேகத்தில் திரும்பியிருந்தார்கள். மற்றவர்கள் கடலையே பார்த்ததில்லை. பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரம்தான், ஆனால் மிளகாய்க் காட்டையும் ஆட்டையும் விட்டுவிட்டு யார் கூட்டிப்போவது? நான் கூட்டிப்போகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அதுவும் போய்த் தங்கி வருவதாக. தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவ ஊரில் மாதா கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன். புதன் காலை கிளம்பி வெள்ளி மதியம் திரும்புவதாகத் திட்டம்.

பெற்றோர் கையெழுத்தெல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஊர்க்கூட்டம் அம்மன் கோயில் முளைப்பாரித் திருவிழாவுக்கு நாள் குறித்தது. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய ஊருக்குள் வந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கும் அதுதான் சட்டம். நான் பரமக்குடியிலிருந்து தினமும் வந்துபோகிறவள், எனக்கு அந்தத் தடை இல்லை. அதனாலேயே அது என் மண்டையில் ஏறவில்லை.

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. அடுத்த வாரம் மாதா கோயிலிலும் கொடியேற்றம், மண்டபம் கிடைக்காது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருடம் என்னிடம் இருக்கப் போவதுமில்லை. நேரே பூசாரியிடம் போனேன். அவர் மகளும் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி. கோயில் வாசலில் நாலு பேருக்கு முன்னால் கேட்டேன்: “சாமி என்ன வருகைப் பதிவேடா வச்சிருக்கு? பன்னெண்டு பிள்ளைங்க ரெண்டு ராத்திரி இல்லைன்னா ஆப்சென்ட் போடுமா?”

அவர் முகம் சுருங்கியது. “கட்டுனாக் கட்டுனதுதான் டீச்சர்” என்றார்.

மறுநாள் வகுப்பில் பயணம் ரத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். பூசாரி மகள் எழுந்தாள். “காப்புக் கட்டும்போது ஊர்ல இருக்கிறவுகளுக்குத்தேன் டீச்சர் தடை. எங்க சித்தப்பா திருப்பூர்லயேதான் இருப்பாரு. நம்ம கட்டுறதுக்கு முன்னாடியே போயிருவமா?”

அதையே ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னேன், அவர்களால் மறுக்க முடியவில்லை. மண்டபத்தில் ஒரு இரவு கூடுதலாகக் கேட்டேன், சரி என்றார்கள். செவ்வாய் ஐந்து மணிக்கு வேன் என்று முடிவானது.

ஐந்தரைக்கும் வேன் வரவில்லை. வழியில் டயர் பஞ்சர் என்று போனில் சொன்னார் டிரைவர். பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். “நடங்கடா, எல்லைக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கலாம்.” ஊர் எல்லை கண்மாய்க் கரை திரும்பும் இடத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்கே இருபது நிமிட நடை. பைகள் வேறு. ஒருத்தனுக்குச் செருப்பு அறுந்தது, இன்னொருத்திக்கு முறுக்கு டப்பா திறந்துகொண்டது. ஆறு அடித்தபோது பாதி தூரம்கூடப் போகவில்லை. எந்த நிமிடமும் கொட்டுச் சத்தம் கேட்கும் என்று ஊர்ப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சாமி விஷயத்தில் இவ்வளவு பயப்படுவேன் என்று எனக்கே தெரியாது.

ஆறு இருபதுக்கு எல்லைக்கல்லைத் தாண்டினோம். கூட வந்த பூசாரி மனைவி கல்லுக்கு ஊர்ப் பக்கமே நின்று போனில் யாரிடமோ பேசினார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, ஊருக்குள் கொட்டு முழங்கியது. இந்த ஊரில் எது சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஏழு மணிக்கு வேன் வந்தது.

காலையில் கடலைக் காட்டியதும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அந்தப் பக்கக் கடலில் அலையே கிடையாது. “இதுக்கா டீச்சர்? நம்ம கண்மாய் நெறஞ்சா இப்படித்தான இருக்கும்” என்றான் செருப்பு அறுந்தவன். எங்களுக்குச் சமைத்த அக்கா, “ஏலே, இது பொண்ணு கடலு. சத்தம் போடாது. எறங்கிப் பாரு” என்று சிரித்தார்.

பிள்ளைகள் கோயிலுக்குள் போவதுபோல் செருப்புகளை வரிசையாகக் கழற்றி வைத்தார்கள். பூசாரி மகள் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உப்பு எரிந்து “ஆத்தீ” என்று கத்தினாள். அவ்வளவுதான், மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. சமைத்த அக்காவின் தம்பி முன்னால் நடக்க, முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் போனோம். திரும்பிப் பார்த்தால் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. “டீச்சர், இன்னும் முழங்கால்தான்!” என்று பூசாரி மகள் கத்தியபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

வெள்ளி மதியம் ஊர் திரும்பினோம். பையை வாங்க வந்த பூசாரி மனைவி சொன்னார்: “அன்னைக்கி ஊரே எங்க வீட்டுக்காரவுகள ஏசுச்சு டீச்சர். ஆறரையோட நல்ல நேரம் முடியுது, இவுக மஞ்சக் கயித்தக் கையில வச்சுக்கிட்டு நின்னாகளாம். நான் போன் போட்ட பெறகுதேன் கட்டுனாக.”

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாளாக நான் ஊரையே ஏமாற்றிவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். நேரே கோயிலுக்குப் போனேன். “அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுண்ணே” என்றேன்.

“பதிவேடு வச்சிருக்கான்னு கேட்டீகள்ல டீச்சர்? வச்சிருக்கு. பன்னெண்டு பேரும் தாண்டிட்டாகளான்னு கேட்டுட்டுத்தான் கட்டுனேன்” என்றார். பிறகு வேப்பிலையைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அடுத்த வருசம் எப்பப் போறீகன்னு முன்னாடியே சொல்லிருங்க.”

இந்த ஆனி பிறந்ததுமே, ஊர்க்கூட்டம் நாள் குறிக்கும் முன்பே, போய்ச் சொன்னேன். இந்த வருடம் நாங்கள் கடலிலிருந்து திரும்பிய மறுநாள்தான் ஊரில் காப்புக் கட்டினார்கள்.