சாமி தட்டில் இருந்த பிலிம்

ஹாலிஎல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டி ஆடியதை, அப்போது தேயிலை ஃபேக்டரியில் இருந்த டீமேக்கர் ஐயா தன் கைக் கேமராவில் பிடித்து, பிலிம் சுருளை எங்களுக்கே கொடுத்துவிட்டார். போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. வீட்டுக்காரர் காலமான பிறகு அதைச் சுவரிலுள்ள சாமி தட்டில் விளக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

போன மாதம் மகள் போனில் ஏஐயிடம், பழைய பிலிமை எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். பழைய சினிமா பிலிம் தானாகவே தீப்பிடிக்கும், வீட்டில் வைக்காதீர்கள் என்றது அது.

"இது பக்கத்துலயா வெள்ளிக்கெழம தவறாம வெளக்கேத்துன? லயமே எரிஞ்சிருக்கும்மா!" என்று பதறி, அதைப் புதைக்கப் பின்பக்கம் குழி வெட்டினாள்.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. அவள் சுருளைக் கையில் வாங்கியபோதுதான் மெதுவாக, "இது வீட்டுக் கேமராவுல எடுத்த சின்னப் பிலிமுன்னு சொன்னியா ஆத்தா?" என்று கேட்டேன்.

சொல்லவில்லையாம். சொன்னதும் ஏஐ மன்னிப்புக் கேட்டது. அப்படி எரிந்தது பழைய தியேட்டர் பிலிமாம். வீட்டுக் கேமராவின் சின்னப் பிலிமை ஆரம்பத்திலிருந்தே அப்படி எரியாதபடிதான் செய்தார்களாம்.

பதுளையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற முஸ்லிம் நானாவும் அதையே சொன்னார். கொழும்புக்கு அனுப்பி, போனில் பார்க்கிற மாதிரி மாற்றியும் கொடுத்தார்.

"யம்மா, ஒன்னவிட அப்பா அழகா இருக்காரு!" என்றாள் மகள்.

சூடு ஆகாது என்பதால் சுருளை விளக்கை விட்டுத் தள்ளி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் மகள் ஏஐயிடம் எது கேட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.